இல்லத்தரசியர் பக்கம்: தொட்டியிலே தழைத்தோட்டம்

மழை குறைந்த சிவகங்கைச் சீமையில், சிறு முற்றத்தில் தோட்டத்திற்கு இடமேது, நீரேது என்று தயங்க வேண்டாம்.

பிரியாணிக்கு இலை கிள்ளிய புதினாத் தண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அடியில் துளையிட்ட பழைய வாளியில் செம்மண், மணல், மக்கிய சாண எரு ஆகியவற்றைச் சமமாகக் கலந்து நட்டு வையுங்கள், கணுக்களில் வேர்விடும். கொத்துமல்லி விதையை இரண்டாக உடைத்துத் தூவினால் சுமார் 40 நாட்களில் தழை பறிக்கலாம். சித்திரை வெயிலில் அது விரைந்து பூத்துவிடுமாதலால் நிழலில் வையுங்கள். ஓமவல்லிக்கு ஒரு கிளையே போதும். நீர் தேங்கினால்தான் அழுகும்.

நீருக்கும் வழியுண்டு. ஒளுச் செய்யும் தண்ணீரையும் அரிசி களைந்த நீரையும் பாத்திரத்தில் பிடித்து ஊற்றுங்கள். சாக்கடைக்குப் போகும் நீர் செடியை வளர்க்கும். கட்டாய் வாங்கிப் பாதி வாடிப்போகும் தழைக்குக் கொடுக்கும் காசும் மிஞ்சும்.