விளக்கு அணைந்தது, மின்சாரம் அணைந்ததா?

எஹலியகொட பக்கத்து லயன் வீடுகளில் மழைக்காலத்தில் சுவர்கள் ஊறிவிடும். சுவிட்சும் ஹோல்டரும் சீக்கிரம் கெட்டுப்போகும். "தெரிந்தவர் வரட்டும்" என்று வாரக்கணக்கில் குப்பி விளக்கோடு காலம் தள்ளும் குடும்பங்கள் உண்டு. "இதில் என்ன இருக்கிறது" என்று ஈரக்கையோடு கதிரையில் ஏறுபவர்களும் உண்டு. இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

1950ஆம் ஆண்டு லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆனால் மலையகத்தின் எத்தனையோ லயன்களுக்கு வெளிச்சம் வந்துசேரப் பல பத்தாண்டுகள் சென்றன. மின்சாரம் பிந்தி வந்தது. அதைக் கையாளும் அறிவு அதைவிடப் பிந்தி வருகிறது. போரினாலும், 2003, 2017ஆம் ஆண்டுகளில் இரத்தினபுரி மாவட்டம் கண்டதுபோன்ற மண்சரிவுகளினாலும் நிலத்தை இழந்து, யாரோ வயர் இழுத்த வீட்டில் குடியேறியவர்களுக்கு இந்த அறிவு மிகவும் அவசியம்.

முதன்முதலாகக் கூரை விளக்கின் ஹோல்டரை மாற்ற ஏறியபோது, சுவர்ச் சுவிட்சை அணைத்தால் போதும் என்றே நானும் நினைத்தேன். டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. சுவிட்சு உயிர்க்கம்பியைத் துண்டிக்க வேண்டும். அந்த வீட்டிலோ அதை நொதுமல் கம்பியில் பொருத்தியிருந்தார்கள். விளக்கு அணைந்திருந்தது, ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே இருந்தது.

ஆகவே மெயின் சுவிட்சை அணைத்த பின்பே கை வையுங்கள். லயனில் அதுவும் போதாது. பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயர் இருக்கலாம். அந்த மெயினையும் அணைத்து, யாரும் திரும்பப் போடாதபடி ஒருவரை நிறுத்துங்கள். அணைக்குமுன் டெஸ்டர் எரிகிறதா எனப் பாருங்கள். அணைத்தபின் எல்லாக் கம்பிகளிலும் வைத்துப் பாருங்கள். பழைய வயரில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல். புதியதில் மண்ணிறமும் நீலமும். ஆனால் நிறத்தை நம்பிவிடாதீர்கள். சுவிட்சுக்கு இறங்கும் கறுப்பு வயரிலும் மின்சாரம் வரலாம். எந்தக் கம்பி எந்தத் திருகாணியில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, அதேபோலப் புதியதில் இறுக்குங்கள்.

வயர் கருகியிருந்தால், சுவர் ஈரமாக இருந்தால், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்திருந்தால் அதோடு நிறுத்துங்கள். அது பயிற்சி பெற்ற மின்வேலையாளரின் வேலை. 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் இருந்தால், அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழாவிட்டால் உங்களுக்குக் காவல் இல்லை.

எது நம்மால் ஆகும், எது ஆகாது என்று தெரிந்திருப்பதே அறிவு. அடுத்த முறை மின்வேலையாளர் வரும்போது அருகில் நின்று பாருங்கள், கேளுங்கள். மகனை மட்டுமல்ல, மகளையும் கூப்பிட்டு நிறுத்துங்கள்.