கக்காவுக்குக் கெடு வைக்கும் பிளேஸ்கூல்காரர்களே!

பிளேஸ்கூல் அட்மிஷன் பார்மில் ஒரு வரி: "டயப்பர் போடாத குழந்தைகள் மட்டும்." என் பையனுக்கு ரெண்டேகால் வயசு. ஜூனுக்குள்ள சொல்லிட்டு வான்னு அவன் வயித்துக்கு நோட்டீஸா அனுப்ப முடியும்?

நானும் மடையன் மாதிரி இழுத்து இழுத்து உட்கார வெச்சேன். மூணு நாள் அடக்கிட்டான். கல்லா இறுகி, வலிச்சு, அப்புறம் அந்த பிளாஸ்டிக் பாட்டியைப் பார்த்தாலே (எங்கம்மாவை இல்லீங்க) ஒரே அலறல். டாக்டர்கிட்ட திட்டு வாங்கினதுதான் மிச்சம்.

பிரேசில்டன்னு ஒரு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1962லேயே எழுதிட்டார், குழந்தை தயாரானதும் ஆரம்பிங்கன்னு. தயார்னா? ரெண்டு மணி நேரமாவது டயப்பர் நனையாம இருக்கும். கக்கா வந்தா எங்கயாச்சும் போய் ஒளியும். ஈரமானா கழட்டச் சொல்லும். தானே ஜட்டியை இறக்கப் பார்க்கும். இதுல பிறந்த தேதி எங்கய்யா வருது?

"உன்னை ஒரு வயசுலயே பழக்கிட்டேன்"னு எங்கம்மா. நேரம் பார்த்து, கால்மேல உட்கார வெச்சு, "ஸ்ஸ்ஸ்" சொல்லிப் பழகினது அவங்கதான், நானில்லை :-) நாள் பூரா கூடவே இருந்தாங்க, முடிஞ்சுது.

எல்லாத்தையும் நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. நேத்து சோபாவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டு "அப்பா, போ"ன்னான். பார்மை இன்னும் நிரப்பலை.