வேதச் சொல் விளக்கம்: தப்புக்கணக்கு



வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவர்கள் தங்களையே வஞ்சித்துக்கொள்கிறார்கள் என்று யாக்கோபு நிருபம் (1:22) எச்சரிக்கிறது. இங்கே 'வஞ்சித்தல்' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'பாராலோகிசோமாய்' என்பதாகும். புதிய ஏற்பாட்டில் இது இரண்டே இடங்களில் வருகிறது. மற்றொன்று கொலோசெயர் 2:4.

இதன் வேர்ச்சொல்லாகிய 'லோகிசோமாய்' என்பதற்குக் கணக்கிடுதல், எண்ணுதல் என்று பொருள். ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டதை ரோமர் 4:3 இச்சொல்லாலேயே கூறுகிறது. 'பாரா' என்னும் முன்னொட்டு சேரும்போது கணக்கு வழிவிலகுகிறது. தவறாய்க் கணக்கிடுதல், பொய்க்கணக்கினால் ஏமாற்றுதல் என்றாகிறது. பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பில், முற்பிதாவாகிய யாக்கோபு லாபானிடம் முறையிடும் இடங்களில் (ஆதி. 29:25, 31:41) இச்சொல்லைக் காணலாம். இரண்டாவது இடத்தில் வழக்கே கூலியைப் பற்றியது. மேஸ்திரியின் கூலிக்கணக்கில் ஏமாந்த அனுபவம் உடைய நம்மில் பலருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், பிழையான வாதத்திற்கு இதே சொல்லின் பெயர் வடிவத்தைப் பயன்படுத்தினார். நம் மணிமேகலைக் காப்பியம் 'ஏதுப்போலி' என்கிறது. ஏது என்றால் காரணம்; காரணம்போலத் தோன்றியும் காரணமாகாதது ஏதுப்போலி. அறிந்தே பிறரை மயக்குவது குதர்க்கம். அறியாமல் தானே மயங்குவதற்கே பிற்காலத் தர்க்க நூலார் இந்தக் கிரேக்கச் சொல்லை ஒதுக்கினர்.

ஓர் உதாரணம் பாருங்கள். மழை பெய்தால் முற்றம் நனையும், முற்றம் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது. சரியான வாதம்போலத் தோன்றுகிறதல்லவா? ஆனால் மாடிவீட்டார் கொட்டிய தண்ணீராலும் முற்றம் நனைந்திருக்கலாமே!

யோபுவின் சிநேகிதர்கள் இப்படித்தான் கணக்கிட்டார்கள். பாவம் துன்பத்தைக் கொண்டுவரும்; யோபு துன்பப்படுகிறான்; ஆகவே யோபு பாவம் செய்தான். அவர்கள் பேசியது சரியல்ல என்று தேவனே தீர்ப்பளித்தார் (யோபு 42:7). பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்களும் யார் செய்த பாவம் என்றே கேட்டார்கள்; ஆண்டவரோ அந்தக் கணக்கை ஏற்கவில்லை (யோவான் 9:2,3).

பிரியமானவர்களே, வெட்கத்தோடு ஒன்றை அறிக்கையிடுகிறேன். ஊழியத்தின் ஆரம்ப நாட்களில், விடாத இருமலாலும் காய்ச்சலாலும் மெலிந்துபோன ஒரு சகோதரிக்காக ஜெபித்தேன். சுகம் கிடைக்கவில்லை. "விசுவாசத்தினால் சுகம் உண்டாகும், இவர்களுக்குச் சுகம் உண்டாகவில்லை, ஆகவே விசுவாசம் இல்லை" என்று கணக்கிட்டு, மறைவான பாவம் ஏதும் உண்டோ என்று அவர்களிடமே கேட்டுவிட்டேன். அவர்கள் பதில் பேசாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பின்பு அரசு மருத்துவமனையில் அது காசநோய் என்று கண்டறிந்தார்கள். ஆறு மாதம் தவறாமல் மருந்து உட்கொண்டு சுகமானார்கள். என் வார்த்தையால் அவர்கள் மருத்துவரிடம் போகாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்! நான் மன்னிப்புக் கேட்டபோது, யோபு தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செய்ததுபோல, அந்தச் சகோதரி எனக்காக ஜெபித்தார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. உண்மையென்று நம்பியே பேசினேன். இச்சொல்லின் அபாயம் அதுவே. பிறரைக் காயப்படுத்துமுன் அது நம்மையே ஏமாற்றிவிடுகிறது.

இன்று உங்கள் கணக்கைச் சரிபாருங்கள். பிரசங்கம் கேட்டுக் கண்ணீர் விட்டேன். ஆகவே மனந்திரும்பினேன் என்கிறீர்களா? மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புகிறேன்; ஆகவே தாயைக் கனம்பண்ணினேன் என்கிறீர்களா? 'ஆகவே' என்ற சொல் உங்கள் நாவில் வரும்போதெல்லாம் சற்றே நின்று, முற்றம் வேறு எதனாலும் நனைந்திருக்குமோ என்று கேளுங்கள். முக்கியமாக, வியாதிப்படுக்கையின் அருகே நிற்கும்போது கேளுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, என் இருதயத்தின் தப்புக்கணக்குகளை எனக்குக் காண்பியும். துன்பப்படுகிறவர்களை நியாயந்தீர்க்காமல் தாங்குகிற கிருபையைத் தாரும். ஆமென்.