ஆகமத்துக்கு ஓர் அகராதி, அரசமைப்புக்கு வேறோர் அகராதி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்துத் திரும்பும் நம் தோழர்களுக்குத் தோக்கமூர் சுவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. திரௌபதி அம்மன் கோவிலை ஒட்டி நம் மக்களை மறித்து நின்ற அந்தத் தீண்டாமைச் சுவர் 2023 அக்டோபரில்தான் இடிக்கப்பட்டது. இப்படிப்பட்ட சுவர்களுக்கெல்லாம் ஒரே வக்காலத்துதான்: சுற்றுச்சுவர் கட்டுவது தீண்டாமை என்று அரசமைப்பில் எங்கே எழுதியிருக்கிறது?

எழுதியிருக்கிறது. பிரிவு 17 தீண்டாமையை ஒழிப்பதோடு நிற்கவில்லை. எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் தடை என்கிறது. 'எந்த வடிவிலும்' என்றால் சுவரும் வரும். 2020 சுதந்திர தினத்தன்று ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தத்தைக் கொடியேற்ற விடாததும் வரும். (ஐந்து நாள் கழித்து, மாவட்ட ஆட்சியர் வந்து நின்ற பிறகே அவர் கொடியேற்றினார்.) அந்தப் பிரிவில் தீண்டாமை என்ற சொல் மேற்கோள் குறிக்குள் நிற்பதைக் கவனியுங்கள். அகராதிப் பொருள் அல்ல, இந்த நாட்டில் வரலாறாக வளர்ந்த கொடுமையே அதன் பொருள் என்று மைசூர் உயர் நீதிமன்றம் 1957லேயே சொல்லிவிட்டது.

இங்கே எழுத்தைக் காட்டு என்பவர்கள், கருவறை என்றதும் ஆகமத்தின் ஒரு எழுத்தைக்கூடத் தொடாதே என்கிறார்கள். 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழித்த சட்டத்தை ஏற்றது. ஆனால் நியமனம் ஆகமப்படி என்றது. கதவு திறந்தது, ஒரு விரற்கடை. அரசுப் பள்ளிகளில் அர்ச்சகர் பயிற்சி முடித்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களில் 24 பேருக்கு 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் நியமன ஆணை கிடைத்தது.

சரி, எழுத்துப்படியே பார்ப்போம். மத உரிமை தரும் பிரிவு 25 தொடங்கும்போதே, இந்த உரிமை அதே பகுதியின் மற்ற பிரிவுகளுக்கு உட்பட்டது என்கிறது. பிரிவு 17 அந்த மற்றவற்றில் ஒன்று. இந்தத் தொடக்க வரியை யாரும் மேடையில் வாசித்து நாம் கேட்டதில்லை.

மதப் பிரிவினரின் உரிமை பேசும் பிரிவு 26இல் அந்த வரி இல்லை என்பதையும் மறைக்க வேண்டாம். எழுத்தோடு நின்றிருந்தால் கோவில் கதவு அங்கே சாத்தப்பட்டிருக்கும். வெங்கடரமண தேவரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 25ஐயும் 26ஐயும் சேர்த்து வாசித்ததால்தான் கோவில் நுழைவுச் சட்டம் பிழைத்தது.

அப்படியானால் நீங்களும் வசதிக்கேற்ப வாசிக்கிறீர்களே என்பார்கள். அண்ணலுக்கு எந்த நூலும் வேதம் இல்லை. 1927இல் மகாடில் மனுஸ்மிருதி எரிந்தது. 1953இல், மாநிலங்களவையில், அரசமைப்பையே எரிக்கத் தயார் என்றார் அவர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: இந்த நூலைத் திருத்த அதற்குள்ளேயே பிரிவு 368 இருக்கிறது. எந்த ஆகமத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது?

திருத்த வேண்டிய எழுத்து நம் பக்கத்திலேயே கிடக்கிறது. 1950ஆம் ஆண்டு பட்டியல் சாதி ஆணையின் மூன்றாவது பத்தி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் அதில் சேர்த்தார்கள். கிறிஸ்தவரான தலித் இன்னும் வெளியே. அதே காலனி, அதே சுவர். தாசில்தார் தரும் சான்றிதழில் மட்டும் அவர் வேறு ஆள்.