கன்வெர்ட் பண்ணியாச்சு, கேசட்டைத் தூக்கிப் போடலாமா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் 1985-க்கும் 2000-க்கும் நடுவில் கல்யாணம் நடந்த பல வீடுகளில், பீரோவின் மேல்தட்டில் ஒரு கறுப்பு டப்பா இருக்கும். மேலே மணமக்கள் பெயர், தேதி, ஸ்டுடியோ பெயர். உள்ளே வி.எச்.எஸ். கேசட். போட்டுப் பார்க்க டெக் இல்லை. உலகத்தில் கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

கொஞ்சம் விவரம் தெரிந்த வீடுகளில் என்ன செய்தார்கள்? "சிடி போட்டு வாங்கியாச்சு" என்றார்கள். சிடி டிரைவ் போன பிறகு "எம்பி4 ஆக்கியாச்சு" என்றார்கள். இப்போது "வாட்ஸ்அப்பில் அனுப்பியாச்சு". ஒவ்வொரு தடவையும் பழையது குப்பைக்குப் போனது. கன்வெர்ட் செய்துவிட்டால் பத்திரமாகிவிட்டது என்பது எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: அந்த நம்பிக்கை தப்பு. கன்வெர்ட் செய்வது நகல் எடுப்பது அல்ல. ஒவ்வொரு கன்வெர்ஷனிலும் ஏதோ ஒன்று நிரந்தரமாகப் போகிறது. அதனால் தேவைப்பட்டால் மட்டும் கன்வெர்ட் செய்ய வேண்டும். செய்த பிறகும் மூலத்தைத் தொடக்கூடாது.

சரி, அடிப்படையிலிருந்து வருவோம்.

இரட்டைப் புலவர்களும் எம்பி4-உம்

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயிலைப் பாடிய இரட்டைப் புலவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருவாமாத்தூர்க் கலம்பகம் அவர்கள் பாடியதுதான். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவருக்குக் கால் நடக்காது. பார்வை இல்லாதவர் தோளில் நடக்க முடியாதவர் உட்கார்ந்து வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகப் போவார்கள். வெண்பாவில் பாதியை ஒருவர் பாடினால் மீதியை மற்றவர் முடிப்பார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

ஒரு வீடியோ ஃபைலும் இப்படித்தான். அதற்குள் படம் தனி, சத்தம் தனி. இரண்டையும் சேர்த்துக் கட்டி, எந்த நொடியில் எது வரவேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் மூட்டைக்குப் பெயர் கண்டெய்னர். ஏவிஐ (1992), எம்கேவி (2002), எம்பி4 எல்லாம் மூட்டையின் பெயர்கள். மூட்டைக்குள் இருக்கும் படத்தை எப்படிச் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அதற்குப் பெயர் கோடெக். எம்பெக்-2, எச்.264 (2003), எச்.265 (2013), ஏவி1 (2018) எல்லாம் கோடெக்குகள்.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர் வீணாக கன்வெர்ட் செய்கிறார்கள். எம்கேவி ஃபைல் டிவியில் ஓடவில்லை என்று கன்வெர்ட்டர் ஒன்றை இறக்கி, இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரைச் சூடாக்கி எம்பி4 எடுக்கிறார்கள். உள்ளே இருப்பது எச்.264 என்றால் பெரும்பாலும் மூட்டையை மட்டும் மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் இதற்கு 'காப்பி' என்றே ஒரு வழி இருக்கிறது. சில நொடிகளில் முடியும், ஒரு புள்ளி கூடக் குறையாது. பழைய விசிடியில் இருக்கும் டேட் ஃபைலைக் கூட கன்வெர்ட் செய்யத் தேவையில்லை. உள்ளே இருப்பது எம்பெக்-1 தான். விஎல்சி அப்படியே ஓட்டும்.

எழுத்துருமாற்றி மாதிரி இல்லை

2000-களில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிஸ்கியில் எழுதியதைப் பொங்குதமிழ் மாதிரி ஓர் எழுத்துருமாற்றியில் போட்டால் யுனிகோடாக வரும். திரும்பப் போட்டால் பழையபடி டிஸ்கி. 'க' எங்கே போனாலும் 'க' தான். வீடியோ கன்வெர்ட்டரும் இப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

அது அப்படி இல்லை. எம்பெக் வகைச் சுருக்கம் எல்லாமே, "இது கண்ணுக்குத் தெரியாது" என்று கணக்குப் போட்டுத் தகவலைத் தூக்கி எறிந்துதான் அளவைக் குறைக்கிறது. எறிந்தது திரும்ப வராது. அடுத்த கன்வெர்ட்டர் மிச்சம் இருப்பதை மட்டும் பார்த்து, அதிலிருந்து இன்னும் கொஞ்சம் எறியும். ஒரே காப்பித்தூளில் மூன்றாவது தடவை டிகாஷன் இறக்குவது மாதிரி. பேர் காப்பிதான், நிறம் இருக்கும், வேறு ஒன்றும் இருக்காது.

கணக்காகவே பார்ப்போம். நம் ஊர் பால் முறையில் முழுப்படம் 720 x 576 புள்ளிகள். விசிடிக்கு மாற்றினால் 352 x 288. அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் கீழே. டிவிடியில் முழு அளவும் கொள்ளும். ஆனால் 3 மணி நேரக் கேசட்டை 4.7 ஜிபி உள்ள ஒரே டிவிடியில் அடைத்தால் நொடிக்குச் சுமார் 3.5 மெகாபிட்தான் கிடைக்கும். நன்றாகப் பதிய அதைப் போல் இரண்டு மடங்கு வேண்டும். அடைத்த டிவிடியை 2000-களின் கடைசியில் செல்போனுக்காக 3ஜிபி ஆக்கியவர்கள் உண்டு. அது பல போன்களில் 176 x 144. தாலி கட்டுகிற இடத்தில் பத்துப் பதினைந்து கட்டங்கள் அசையும், அவ்வளவுதான்.

இன்னொன்று. கேசட்டில் ஒரு நொடிக்கு 25 படங்கள் என்பார்கள். உண்மையில் 50 அரைப்படங்கள். ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை. அவசரமாக கன்வெர்ட் செய்கிறவர்கள் பாதியைத் தள்ளிவிடுவார்கள், அல்லது இரண்டையும் ஒட்டி சீப்புப் பல் மாதிரி கோடு விழ வைப்பார்கள். உட்கார்ந்து பேசுகிறவர்களின் படத்தில் இது பெரிதாகத் தெரியாது. நம் மாவட்டத்தின் தெருக்கூத்தை யோசித்துப் பாருங்கள். வேஷம் கட்டி, கிரீடத்தோடு சுழன்று சுழன்று ஆடுகிறவரின் ஆட்டமே அந்த வேகத்தில்தான் இருக்கிறது. சரியாக கன்வெர்ட் செய்தால் 50 அசைவும் கிடைக்கும். தப்பாகச் செய்தால் பாதி அசைவு போச்சு. ஆடினவர் மறைந்துவிட்டால், போனது போனதுதான்.

கேசட் காலத்திலேயே இருந்த பிரச்னை

இந்தத் தலைவலி கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்தது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் டிவி பால் முறை. பிரான்சில் செகாம். அமெரிக்கா, கனடாவில் என்டிஎஸ்சி. விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பாரிஸில் பதிந்த செகாம் கேசட்டை பால் மட்டுமே தெரிந்த டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். டொராண்டோவில் பதிந்த கேசட் என்றால் இன்னும் மோசம். அங்கே 525 வரி, நொடிக்குச் சுமார் 30 படம். இங்கே 625 வரி, 25 படம். படம் நிற்காமல் உருளும். கடல் கடந்து போன தமிழர்களுக்கு ஃபார்மேட் என்பது தொழில்நுட்பச் சமாச்சாரம் மட்டும் இல்லை. பேரன் முகத்தைப் பாட்டி பார்க்க முடியுமா முடியாதா என்ற கேள்வி.

நிலாவுக்கே நடந்தது

"நம்ம வீட்டுக் கேசட்தானே" என்று சொல்பவர்களுக்கு ஒரு பெரிய இடத்துக் கதை. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 நிலாவிலிருந்து அனுப்பிய நேரடிப் படம் சாதாரண டிவி முறையில் இல்லை. நொடிக்கு 10 படம், 320 வரி. வீட்டு டிவியில் ஓடாது. அதனால் தரை நிலையங்களில் அந்தப் படத்தை ஒரு திரையில் ஓடவிட்டு, அதை ஒரு டிவி கேமராவால் பிடித்து உலகத்துக்கு அனுப்பினார்கள். உலகம் பார்த்த அந்த மங்கலான உருவம் கன்வெர்ட் செய்த நகல். மூலம் இன்னும் தெளிவாக இருந்தது. அது தனியாக டேப்பில் பதிவானது.

பிற்பாடு அந்த டேப்புகளைத் தேடினார்கள். அவை அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் நாசாவே சொன்னது. டிவி நிலையங்களில் இருந்த கன்வெர்ட் செய்த நகல்களில் நல்லதாகப் பார்த்து எடுத்துத்தான் மெருகேற்றி வெளியிட்டார்கள். நாசாவுக்கே "நகல் இருக்கிறதே, மூலம் எதற்கு" என்ற அலட்சியத்தால் நஷ்டம் என்றால், நம் பரணைப் பற்றிக் கேட்க வேண்டுமா?

எதிர்வாதங்கள்

முதல் வாதம்: "குவாலிட்டி யாருக்கு வேணும், முகம் தெரிஞ்சா போதாதா?" இது நியாயமான கேள்விதான். ஆனால் எந்த முகம்? மேடையில் இருக்கும் மணமக்கள் முகம் எந்த நகலிலும் தெரியும். பந்தியில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் தாத்தா, பந்தல் ஓரத்தில் நிற்கும் பெரியம்மா, இவர்கள்தான் முதலில் கட்டங்களாக மாறிக் காணாமல் போகிறவர்கள். அவர்கள் அசைவது அந்த ஒரே கேசட்டில் மட்டுமே இருக்கலாம். கன்வெர்ட்டருக்குப் பின்னணி என்றால் வெறும் பின்னணிதான், அதற்குச் சொந்தபந்தம் தெரியாது.

இரண்டாவது வாதம்: "இப்போதான் ஏஐ இருக்கே, எல்லாத்தையும் தெளிவாக்கிடலாம்." தெளிவாகும், உண்மை. ஆனால் ஏஐ மென்பொருள் தொலைந்து போன தகவலைக் கொண்டுவருவதில்லை. லட்சக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகி, இங்கே இப்படி ஒரு கண் இருந்திருக்கும் என்று யூகித்து வரைகிறது. தோல் பளபளவென்று இருக்கும், பல் வரிசையாக இருக்கும். அது தாத்தா மாதிரி ஒருவர். தாத்தா இல்லை.

மூன்றாவது வாதம் செலவு. நொடிக்கு 8 மெகாபிட் என்ற நல்ல அளவில் பதிந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி, 3 மணி நேரக் கேசட்டுக்கு 10.8 ஜிபி. 64 ஜிபி பென்டிரைவில் ஐந்து கல்யாணம் அடங்கும். இடப் பற்றாக்குறையால் நசுக்க வேண்டியிருந்தது விசிடி காலத்தில். அந்தக் காலம் போய்விட்டது, நசுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்

வவுச்சரிலிருந்து ஜர்னல், ஜர்னலிலிருந்து லெட்ஜர், அதிலிருந்து இருப்புநிலைக் குறிப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் விவரம் சுருங்கும். படிக்க வசதியாக இருக்கும். அதற்காக லெட்ஜர் எழுதியாச்சு என்று வவுச்சரைக் கிழித்துப் போட்டால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? கம்பெனிகள் சட்டம் 2013, 128-வது பிரிவு கணக்குப் புத்தகங்களோடு வவுச்சர்களையும் 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. பத்து ரூபாய் டீச்செலவுக்கு இருக்கும் மரியாதை ஒரு குடும்பத்தின் கேசட்டுக்கு இல்லாமல் போனது வேடிக்கை.

ஏட்டுச்சுவடிக் காலத்திலும் இதே கதைதான். ஓலை செல்லரித்தால் புது ஓலையில் படி எடுப்பார்கள், பழையது ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போகும். படி எடுத்தவர் செய்த பிழை அடுத்த படியிலும் வரும், புதுப்பிழையும் சேரும். பல ஊர்ச் சுவடிகளைத் தேடி அலைந்து ஒப்பிட்டுப் பார்க்க உ.வே.சாமிநாதையருக்கு அவசியம் வந்ததே இதனால்தான். அவருக்காவது வேறு ஊரில் வேறு சுவடி இருந்தது. ஒரு கல்யாணக் கேசட்டுக்கு வேறு பிரதி எந்த ஊரில் இருக்கும்?

அப்படியானால் என்ன செய்யலாம்?

* கேசட் இருந்தால் தாமதிக்க வேண்டாம். காந்தநாடாவுக்கு வயது உண்டு. அதோடு ஓட்டும் கருவியும் பழுதுபார்க்கும் ஆளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2015-லேயே 'கெடு 2025' என்று எச்சரித்தது. அந்தக் கெடுவும் தாண்டிவிட்டது.
* நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் டெக்கில் போடவே கூடாது. நாடா கெடும், ஹெட்டும் கெடும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.
* ஸ்டுடியோவில் கொடுக்கும்போது டிஸ்க் மட்டும் கேட்காமல், முதலில் பதிந்த பெரிய ஃபைலையே பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மொத்தக் குடும்பமும் குண்டாகிவிடும்!
* கேசட் போய் விசிடியோ டிவிடியோதான் மிச்சம் என்றால் இப்போதைக்கு அதுதான் மூலம். டிஸ்கில் உள்ளதை அப்படியே ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து வையுங்கள். கன்வெர்ட் செய்வது பிறகு.
* போனுக்கும் டிவிக்கும் வேண்டுமென்றால் மூலத்திலிருந்து ஒரு எச்.264 எம்பி4 நகல் எடுங்கள். அடுத்த நகல் வேண்டுமென்றாலும் மூலத்திலிருந்தே. நகலிலிருந்து நகல் கூடாது.
* வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்ட்டாக அனுப்பினால் நசுக்காமல் போகும்.
* மூலம் இரண்டு வீட்டில் இருக்கட்டும். அண்ணன் வீட்டில் ஒன்று, தங்கை வீட்டில் ஒன்று.

ஃபார்மேட் இன்னும் மாறத்தான் போகிறது. இன்றைக்கு எச்.264, நாளைக்கு வேறு ஏதாவது வரும். அன்றைக்கும் மறுபடி கன்வெர்ட் செய்யத்தான் வேண்டும். எதிலிருந்து கன்வெர்ட் செய்வோம் என்பதை மட்டும் இன்றைக்கு முடிவு செய்ய முடியும். மூலம் கையில் இருந்தால் எத்தனை ஃபார்மேட் வந்தாலும் கவலையில்லை. அது இல்லாதவர்களுக்கு, வரப்போகும் ஒவ்வொரு புது ஃபார்மேட்டும் இன்னும் ஒரு டிகாஷன்தான்.