உயரம் ஏறின ஜீப்பும் நீளம் ஏறாத ஹோஸும்

சனி, ஞாயிறு ஆனா போடிமெட்டு ரோட்டுல பழைய ஜீப்புங்க வரிசை கட்டுது. எல்லாம் டவுன்ல இருந்து வர்றது. நாலு இஞ்சு தூக்கின பாடி, யானைக்கால் மாதிரி டயர், முன்னால வின்ச்சு, கூரை முழுக்க லைட்டு. டீக்கடையில நிக்கும்போது குனிஞ்சு அடியில பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்குது.

சேஸுல இருந்து ஆக்சிலுக்கு இறங்குற பிரேக் ஹோஸ் அதே பழைய நீளம். சமதரையில நிக்கும்போது சரியாத்தான் தெரியும். ஒரு சக்கரம் பள்ளத்துல தொங்கும்போதுதான் அது வீணைக் கம்பியா விறைக்கும். பழைய ஜீப்புல மாஸ்டர் சிலிண்டர் ஒத்தை லைன். ஒரு இடத்துல பிய்ஞ்சா நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. பெடல் நேரா தரைக்குப் போயிடும்.

அடுத்தது செம்பு பைப்பு. கையால வளையுது, பளபளன்னு இருக்குன்னு போட்டுத் தர்றாங்க. ஃபிரிட்ஜுக்கு அது சரி. ஜீப்பு அதிர்வுல செம்பு இறுகி, விரிசல் விடும். பிரேக்குக்குன்னு வர்ற ஸ்டீல் டியூப்பை வாங்கி, முனையை ரெண்டு மடிப்பா பிளேர் பண்ணணும். ஒத்தை மடிப்பு போதும்னு சொல்ற கடையை விட்டு உடனே வெளிய வாங்க. ஜாயின்ட்ல வெள்ளை டேப் சுத்துறவர் குழாய் வேலைக்குப் போகட்டும். அங்க கசிவைத் தடுக்கிறது பிளேர்தான், மரை இல்ல.

டிரம்மை எடுத்துட்டு டிஸ்க் போடுறவங்க கதை இன்னும் மோசம். பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ஒரு சின்ன வால்வு உண்டு. டிரம்முக்காக லைன்ல சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். அதை அப்படியே விட்டா டிஸ்க்கை பேட் உரசிக்கிட்டே இருக்கும், சூடேறும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுற சரக்கு. புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். ஈரம் சேர்ந்ததுக்கு 140 போதும். கொதிச்சா ஆவி, ஆவி அமுங்கும், பெடல் பஞ்சாயிடும். அது எங்க நடக்கும்? இறக்கத்துல, கொண்டை ஊசி வளைவுல.

"உங்க ஊர் ஜீப்பு மட்டும் யோக்கியமா?"ன்னு கேப்பீங்க. இல்ல. தோட்ட வேலைக்கு ஆளுங்களை அடைச்சு ஏத்துறது தப்புதான், நானும் சண்டை போட்டிருக்கேன். ஆனா அந்த டிரைவர் காலையில வண்டிக்கு அடியில படுத்துப் பார்க்காம சாவி திருப்ப மாட்டார். நீங்க போட்டோவுல தெரியுற இடத்துக்கெல்லாம் காசு கொட்டிட்டு, தெரியாத இடத்துல கஞ்சம் பிடிக்கிறீங்க. உருண்டா உங்களோட போறதில்ல சாமி. அதே ரோட்டோரமாத்தான் ஏலக்காய்த் தோட்டத்துப் பொம்பளைங்க நடந்து வர்றாங்க.

கிளம்புறதுக்கு முன்னால சேஸுக்கு ஜாக்கி கொடுத்து, சக்கரம் தொங்குற வரைக்கும் தூக்குங்க. ஸ்டாண்டு போட்ட பிறகு ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்க. எந்த நிலையிலயும் ஹோஸ் தொய்வா இருக்கணும், டயர்ல உரசக் கூடாது. ஒருத்தர் பெடலை நல்லா மிதிச்சுப் பிடிக்கட்டும், நீங்க டார்ச்சோட ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பாருங்க. ஒரு சொட்டு ஈரம் தெரிஞ்சாலும் பஸ்ஸுல வாங்க.