கல்வெட்டில் இல்லாதவர்கள் கொடுத்தது

பத்தாயிரம் ரூபாய் கொடுத்தேன். என் சம்பளத்திலிருந்து, என் வங்கிக் கணக்கிலிருந்து, நான் படித்த பள்ளிக்கு. அடுத்த ஆண்டு முன்னாள் மாணவர் சந்திப்புக்குப் போனபோது, வாசலில் பதித்திருந்த கருங்கல் பலகையில் என் கணவரின் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் 'திருமதி' என்று ஒரு சொல். அந்தச் சொல்தான் நான். அவர் அந்தப் பள்ளியில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை.

சங்கத்தின் பொருளாளரிடம் கேட்டேன். "லேடீஸ் எல்லாருக்கும் அப்படித்தாம்மா போட்டிருக்கோம். மரியாதையாத்தான்" என்றார். எட்டாம் வகுப்பில் என் கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவர் அவர்.

பெயர்தானே, திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். அன்று மதியம் கை கழுவப் பின்பக்கம் போகாமல் இருந்திருந்தால். அங்கே பிரியாணி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் என்னோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். என் பக்கத்திலேயே உட்கார்ந்தவள்.

"இன்னாடி, நீ மேல வரலியா?"

"நான் பத்தாவது முடிக்கலியே. லிஸ்ட்ல என் பேரு இல்லியாம். பாத்திரம் கழுவ ஆள் வேணும்னாங்க, வந்தேன். முந்நூறு ரூபா தர்றாங்க."

அவள் காலனியிலிருந்து வந்தவள். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனதால் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் நின்றாள். அந்தத் தம்பி அதே பள்ளியில் பத்தாவது முடித்தான். அவன் பெயர் பலகையில் இருக்கிறது, ஐயாயிரத்துக்கு நேராக. அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஐயாயிரத்தில் அவள் படிக்காத பத்தாம் வகுப்பும் இருக்கிறது. அதற்குப் பலகையில் இடமில்லை.

பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சாலவாக்கத்திலிருந்து ஒரு பேருந்து தூரத்தில், கன்னியர் சபை ஒன்று நடத்தும் அரசு உதவிபெறும் உயர்நிலைப்பள்ளி. அது போதும். இப்படிப்பட்ட பள்ளியில் படித்த யாருக்கும் இந்தப் பலகையைத் தெரியும். யார் கொடுத்தார்கள் என்று அது சொல்கிறது. அது சொல்வது பொய் என்கிறேன்.

அந்தப் பள்ளி யார் பணத்தில் நடந்தது? உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. அதாவது சோப்புக்கு வரி கட்டுகிற எல்லோரும் தருகிறோம். எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் பலர் சிஸ்டர்கள். அவர்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். அரசு தரும் சம்பளம் அவர்கள் பெயரில் வரும், அப்படியே சபைக்குப் போகும். பள்ளி, விடுதி, முதிய சிஸ்டர்களின் மருந்துச் செலவு எல்லாம் சபைக்குப் போகும் பணத்திலிருந்துதான்.

இந்தச் சம்பளத்துக்கு வருமான வரிப் பிடித்தம் உண்டா என்று ஒரு நீண்ட வழக்கு நடந்தது. பிடித்தம் செய்யவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2019இல் சொன்னது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றமும் சபைகளின் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டது. சம்பளம் அந்தத் தனி மனிதருக்கே வருகிறது, பிறகு அதைச் சபைக்குக் கொடுப்பது வேறு விஷயம் என்பதுதான் தீர்ப்பின் சாரம். பத்திரிகைகள் வரியைப் பற்றி எழுதின. எனக்குக் கண்ணில் பட்டது வேறு. சட்டத்தின் பார்வையில் அது சபையின் பணமல்ல, அந்தப் பெண்ணின் பணம். அப்படியானால் அதைக் கொடுத்தவள் அவள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது ஆண்டு பாடம் எடுத்த ஒரு சிஸ்டர், முப்பது ஆண்டுச் சம்பளத்தையும் கொடுத்திருக்கிறார். எங்கள் பலகையின் முதல் வரியில் இருக்கும் இரண்டு லட்சம் அதற்குப் பக்கத்தில் எந்த மூலைக்கு? 80ஜி பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தவர் பழைய வரி முறையில் கழிவு கேட்கலாம். அந்த சிஸ்டருக்கு முதலில் வரி, பிறகு தானம். ரசீதும் இல்லை, கல்லும் இல்லை. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் கடைசிக் காலத்தில் எங்கே இருந்தார் என்றுகூட எங்கள் சங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பலகை வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். ஒரு லட்சம் கொடுத்தால் 'புரவலர்'. புரவலர்தான் செயற்குழுவில் உட்காரலாம். மற்றவர்கள் 'உறுப்பினர்', அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் போடலாம். செயற்குழுவில் பதினொரு பேர், பதினொருவரும் ஆண்கள். சந்திப்பு நாளில் பெண்களுக்குக் குத்துவிளக்கு, வரவேற்புத் தட்டு, கோலம்.

இந்த ஏற்பாடு எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறை. ஆறாம் வகுப்பில் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள், நம் ஊரின் ஜனநாயகம் என்று. குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதும் அதே சுவரில்தான் எழுதியிருக்கிறது: கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு. அது பிராமணர் சபை. பெண் இல்லை, சேரி இல்லை, நிலமில்லாதவர் இல்லை. ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து எங்கள் சங்கம் வேதத்தை மட்டும் எடுத்துவிட்டு, நிலத்துக்குப் பதில் ஒரு லட்சத்தை வைத்திருக்கிறது.

ஆனால் அந்தச் சுவரில் இன்னொரு விதியும் உண்டு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. அந்த விதியை மட்டும் எங்கள் சங்கம் எடுத்துக்கொள்ளவில்லை.

கத்தோலிக்க மரபிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐரோப்பாவில் பல கன்னியர் மடங்களில் இரண்டு வகுப்பு சிஸ்டர்கள் இருந்தார்கள். சீதனமும் படிப்பும் கொண்டுவந்தவர்கள் ஜெபமும் பாடமும் நடத்தினார்கள். சீதனம் இல்லாமல் வந்தவர்கள் சமையலும் சலவையும் செய்தார்கள். பெண்கள் மடங்களில் ஒரே வகுப்பு சிஸ்டர்கள்தான் இருக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சொன்னது. திருச்சபையே கைவிட்ட பிரிவினையை முன்னாள் மாணவர் சங்கம் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது: புரவலர் மேடையில், என் தோழி அண்டாப் பக்கத்தில்.

சந்திப்பு நாளில் திருப்பலி நடந்தது. ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கதையைச் சொல்லித்தான் நன்கொடை கேட்டார்கள். எங்கே கேட்டாலும் அந்தக் கதைதான். மாற்கு நற்செய்தியில் அதற்குச் சற்று முன்னால் இருக்கும் வசனத்தை மட்டும் யாரும் வாசிப்பதில்லை. கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் செய்கிறவர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், கொடுத்தவளைப் பாராட்டும் கதையாக மட்டும் அது எனக்குத் தெரியவில்லை. அவளிடம் இரண்டு காசுதான் மிஞ்சியிருந்தது ஏன் என்று கேட்கும் கதையாகவும் தெரிகிறது.

இந்த ஆண்டு சங்கம் கட்டியது நுழைவாயில் வளைவு. செலவு ஆறு லட்சம். வளைவுக்கு வெளியே நிற்கும் பெண்பிள்ளைகளைப் பாருங்கள். எங்களுடையது உயர்நிலைப்பள்ளி, பத்தோடு முடிகிறது. பதினொன்றாம் வகுப்புக்கு வேறு ஊர் போகவேண்டும். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம். ஆனால் சிறப்பு வகுப்பு விட்டு வரும் நேரத்துக்கு எங்கள் கிராமத்துக்குப் பேருந்து இல்லை. குவாரி லாரிகள் ஓடும் சாலையில், இருட்டில், பதினைந்து வயதுப் பெண்ணை நடந்து வரச் சொல்ல எந்த அம்மாவுக்கும் மனம் வராது. அதனால் நிற்கிறாள். பதினெட்டில் கல்யாணம், அல்லது ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்.

மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு பெண்ணின் படிப்பில் என்ன செய்யும் என்பதற்கு நம்மிடம் உதாரணம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் மேற்படிப்புக்கு அந்தத் தொகையைத் தருகிறது. 2024 டிசம்பர் இறுதியில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் அது கல்லூரி வாசலில்தான் கிடைக்கும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே விழுகிறவளுக்கு அந்த வாசலே தெரியாது. ஆறு லட்சம் என்பது ஐம்பது பெண்களுக்கு மாதம் ஆயிரம் வீதம் ஓராண்டு. வளைவைக் கட்டியவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை. போடக்கூடியவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை.

இதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில்கள் மூன்று.

முதலாவது, "கொடுத்தவன் எதுக்குக் குடுக்கணும்னு அவன்தானே சொல்லணும்." கொடுத்தவர் சொல்லட்டும். ஆனால் கொடுத்தவர் யார் என்பதில்தானே தகராறு? சிஸ்டர்களும், பாதியில் நின்ற அக்காமாரும், பீஸ் கட்டக் கம்மலை அடகு வைத்த அம்மாமாரும் கொடுத்தவர்கள் என்றால் சொல்லும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

இரண்டாவது, "சிஸ்டர்களே கேட்கல, நீ ஏன் கேட்கற?" கீழ்ப்படிதலும் அவர்களுடைய வார்த்தைப்பாடுகளில் ஒன்று. அவர்கள் கேட்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் அந்த வார்த்தைப்பாட்டைக் கொடுத்தவள் அல்ல, அதனால் கேட்கிறேன்.

மூன்றாவதுதான் என்னைச் சில நாள் தூங்கவிடவில்லை. "இப்ப இருக்கற நிலைமையில சிறுபான்மைப் பள்ளியைக் குறை சொன்னா யாருக்கு லாபம்?" இந்தப் பயம் நியாயமானது. இந்தப் பள்ளிகள் இல்லையென்றால் காலனிப் பிள்ளைகளில் எத்தனை பேர் எழுதப் படிக்கக் கற்றிருப்போம் என்று எனக்குத் தெரியும். அரசமைப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு தரும் உரிமையை ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் அந்த உரிமை ஒரு சமூகத்துக்குத் தரப்பட்டது. பதினொரு புரவலர்களுக்கு அல்ல. என் தோழி அந்தச் சமூகம் இல்லையா? வெளியே எதிரி நிற்கிறான், உள்ளே பேசாதே என்பதைப் பெண்கள் எல்லா வீட்டிலும் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இப்படி ஒரு பள்ளி இருக்கும். அடுத்த சந்திப்புக்கு அழைப்பு வந்தால் போங்கள். பணம் கொடுப்பதற்கு முன் நான்கு கேளுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் உள்ள எல்லோரும் முன்னாள் மாணவர்தான், ஒரே ஒரு ஆண்டு படித்திருந்தாலும். நாம் படித்தபோது இருந்த முதலெழுத்தோடு நம் பெயர் எழுதப்படவேண்டும். செயற்குழுவில் பாதிப் பேர் பெண்கள், பணம் கட்டாமலே. ஒவ்வோர் ஆண்டுக் கணக்கும் அந்தக் கருங்கல் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டப்படவேண்டும்.

என் பத்தாயிரத்தைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் அங்கே இனிக் கொடுக்கவில்லை. எங்கள் வகுப்புப் பெண்கள் பன்னிரண்டு பேர் மாதம் முந்நூறு போடுகிறோம். மாலையில் ஒரு ஷேர் ஆட்டோ, பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கும் ஆறு பெண்களை வீடு கொண்டுவந்து விடுகிறது. சின்ன விஷயம்தான், இதை வைத்து யாரும் எங்களுக்கு வளைவு கட்டமாட்டார்கள். கணக்கு நோட்டை வைத்திருப்பவள் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த என் தோழி. ஒன்பதாம் வகுப்பு வரை எங்கள் வகுப்பில் கணக்கில் முதல் அவள்தான். மாதம் முடிந்தால் நயாபைசா பிசகாமல் எழுதி எல்லோருக்கும் போட்டோ அனுப்புகிறாள்.

வரும் சந்திப்புக்கு அவளும் வருகிறாள். பெயர் கேட்டால் பதிவேட்டைத் திறந்து பார்க்கச் சொல்லப்போகிறோம்.